கோலத்துக்கு அடியில் இருக்கும் பள்ளம்

ஈச்சமேடு,
ஐப்பசி மாதம், செவ்வாய்க்கிழமை, மழை கொஞ்சம் விட்ட நேரம்.

மரியாதைக்கும் பாசத்துக்கும் உரிய என் மச்சான் தமிழ்வாணன் அவர்களுக்கு,

உங்கள் தங்கச்சி புருஷன் ஆனந்தன் கும்பிட்டு எழுதுவது. இங்கே நான், உங்கள் தங்கச்சி விஜயகுமாரி, என் டிராக்டர் மூவரும் நலம். டிராக்டருக்கு மட்டும் காலையில் எழுந்ததும் கொஞ்சம் இருமல் இருக்கிறது. அங்கே கூடுவாஞ்சேரியில் நீங்களும் அக்காவும் மாடி வீட்டில் காற்றும் வெளிச்சமுமாக நலமாக இருக்க, திருக்கழுக்குன்றத்து மலை இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுக்கொண்டு இதை ஆரம்பிக்கிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் பேசினால் நான் வாயைத் திறந்ததும் "மாப்ளே, லிஃப்ட் வந்துடுச்சி" என்று வைத்துவிடுகிறீர்கள். உங்கள் அடுக்குமாடி லிஃப்ட் என் குரலைக் கேட்டால் மட்டும் எப்படித்தான் உடனே வருகிறதோ தெரியவில்லை. கடிதத்துக்கு அந்தப் பயம் இல்லை. லிஃப்டுக்குள்ளேயே கொண்டுபோய்ப் படிக்கலாம். நாலாங்கிளாஸோடு பள்ளிக்கூடமும் நானும் சண்டையில்லாமல் பிரிந்துவிட்டவர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். தப்பு இருந்தால், பஸ் ஓட்டிய உங்கள் பாஷையில், பிரேக் போடாமல் ஏறிப் போய்விடுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். காலையில் பல் தேய்க்க நீங்கள் குழாயைத் திருகுகிறீர்களே, அந்தத் தண்ணீர் எங்கள் ஊர் வழியாகத்தான் உங்களைப் பார்க்க வருகிறது. கடலில் எடுத்து, உப்பை எடுத்துவிட்டு, உள்ளே ஒரு யானைக்குட்டி படுத்துத் தூங்கலாம் போலிருக்கிற இரும்புக் குழாயில் ஏற்றி, எங்கள் ஊர் ரோட்டின் நடுவில் புதைத்துக் கொண்டுபோகிறார்கள். மச்சானை விசாரித்ததாகச் சொல்லு என்று குனிந்து சொல்லிப் பார்த்தேன், அது நிற்கவில்லை. நல்ல காரியம்தான், வேண்டாம் என்று யார் சொன்னது? ஊர் ஊராகத் தாகத்தோடு ஜனங்கள் இருக்கிறார்கள், அதில் என் மச்சானும் ஒருத்தர். ஆனால் அந்தக் குழாயைச் சுமந்து வந்த லாரிகள் ஒவ்வொன்றும் எங்கள் ரோட்டில் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயின. தோண்டிய இயந்திரம் எங்கள் தெருக்குழாயையும் சேர்த்து இழுத்துவிட்டது. அதற்குப் பிறகு ஊராட்சி லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றியது. வாங்கி வாங்கி, இந்த ஒரு வருஷமாக நாங்கள் குடித்தது தண்ணீரா ஊராட்சிக் கஜானாவா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. காலுக்கடியில் ஆறு ஓடுகிறது, தலைக்கு மேலே குடம் போகிறது. வேலை முடிந்ததும் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். மண் அடுத்த மழைக்கு அவர்கள் பின்னாலேயே கிளம்பிவிட்டது.

அதோடு போயிருந்தால் நான் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். பஸ் நின்றுவிட்டது மச்சான். நீங்கள் ஓட்டிய அதே வழித்தடம். இந்தப் பள்ளத்தில் வந்தால் அச்சு முறியும் என்று டிப்போவில் சொல்லிவிட்டார்கள். பஸ் இப்போது ஊருக்கு வெளியே ரோடு பிரிகிற கூட்ரோட்டோடு திரும்பிவிடுகிறது. உங்கள் தங்கச்சி கீரைக் கூடையைத் தூக்கிக்கொண்டு கூட்ரோடு வரைக்கும் நடந்து போய்த்தான் திருக்கழுக்குன்றம் சந்தைக்கு பஸ் பிடிக்கிறாள். தலையில் கூடை, காலில் சேறு, வாயில் நான். "இந்த முட்டி போச்சின்னா யாவாரமும் போச்சிய்யா" என்று தினமும் சொல்கிறாள். டிராக்டரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று ஒரு நாள் ஏற்றினேன். பள்ளத்துக்குப் பள்ளம் கூடை எகிறி, சந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது கீரை கடைந்தே இருந்தது. உப்பு போட்டு இறக்க வேண்டியதுதான் பாக்கி. அதோடு டிராக்டரில் ஏறுவதில்லை என்று சத்தியம் செய்துவிட்டாள்.

இந்த நேரத்தில்தான் நல்ல சேதி வந்தது. இப்படிப் பெரிய பெரிய தண்ணீர்த் திட்டம் வந்து முதுகு வளைந்துபோன ஊராட்சிகளுக்கு அரசாங்கம் தனியாக நிதி கொடுக்கிறதாம். ஆய்வுக்கு ஒரு மேடம் வருவார்கள், சேதத்தைக் கண்ணால் பார்ப்பார்கள், எழுதிக்கொண்டு போவார்கள், ரோடும் தெருக்குழாயும் புதிதாக வரும். ரோடு வந்தால் பஸ் வரும். ஊராட்சித் தலைவர் ஜாக்குலின் வீடு வீடாகப் போய்ச் சொன்னது. ஜாக்குலின் யாரென்று ஞாபகம் இருக்கிறதா? உங்கள் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போகும்போது ஜன்னல் கம்பிக்கு நடுவில் தலையை விட்டு மாட்டிக்கொண்டதே, நீங்கள் வண்டியை ஓரங்கட்டி, யாரோ எடுத்துப் போன நல்லெண்ணெயைத் தடவித் தலையை வெளியே எடுத்தீர்களே, அதே பொண்ணுதான். அந்தத் தலைதான் இப்போது எங்களுக்குத் தலைவர்.

அது என்னைக் கூப்பிட்டுச் சொன்னது: "ஆனந்தண்ணா, மேடம் வராங்கோ. ஊரு கொஞ்சம் பாக்கற மாரி இருக்கணும்ணா."

"நீ கவலைய வுடும்மா. ஆனந்தன் கீறான்" என்றேன்.

மச்சான், அந்த இடத்தில்தான் என் நாக்கை நான் கடித்திருக்க வேண்டும். நம் வீட்டுக்கு ஒரு மனுஷி முதல் தடவையாக வருகிறார். அவர் கார் பள்ளத்தில் இறங்கி இடுப்புப் பிடித்துக்கொண்டால் யாருக்கு அசிங்கம்? டிராக்டரை எடுத்தேன். கிராவல் மண் அடித்தேன். இருக்கிற பள்ளம் எல்லாவற்றையும் நிரப்பி, தண்ணீர் தெளித்து, டிராக்டரை மேலேயும் கீழேயும் ஓட்டி நன்றாக அமுக்கினேன். டீக்கடை ராஜாராம் ஆட்களைச் சேர்த்து ஓரத்தில் கிடந்த உடைந்த குழாய்களை எல்லாம் தென்னங்கீற்றுப் போட்டு மறைத்தான். முக்கில் ஒரு பெரிய குழி இருந்தது. அது எதற்கும் அடங்கவில்லை. அதன்மேல் பலகை போட்டு, பலகை மேல் ஜமுக்காளம் விரித்து, பந்தல் கட்டி, மேடம் உட்கார்ந்து இளநீர் குடிக்கிற இடமாக மாற்றிவிட்டோம். பொம்பளைங்க சும்மா இருப்பார்களா? எங்கள் வீட்டு வாசலில் ஆரம்பித்த கோலம் ரோடு முழுக்க ஒரே கோலமாகப் போய் ஊராட்சி அலுவலகத்து வாசலில்தான் நின்றது. வாழைமரம் கட்டினோம். பார்த்தால், எங்கள் ஊருக்கு எந்தக் குறையும் இல்லை, கல்யாணப் பொண்ணு மட்டும்தான் இன்னும் வரவில்லை.

மேடம் பெயர் துர்காதேவி. நல்ல மனுஷி. காரைவிட்டு இறங்கி, கோலத்தை மிதிக்காமல் ஓரமாக நடந்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார்.

"ரோடு நல்லாத்தானே இருக்கு? பைப் வேலை நடந்தது இந்த ஊர்லதானே?"

ஜாக்குலின் என்னைப் பார்த்தது. நான் ராஜாராமைப் பார்த்தேன். அந்த மடையன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தான்.

"மேடம், அல்லாம் நம்ம ஆனந்தன் கைவேல! ஒரே நாள்ல பண்ணிட்டாரு!"

"சொந்த முயற்சியா? ரொம்ப சந்தோஷம்" என்று எனக்குக் கை கொடுத்துவிட்டார் மேடம். கை கொடுத்த கையோடு பேனாவையும் மூடினார். மூடியதைப் பார்த்ததும் நான் குறுக்கே போய் நின்றேன்.

"மேடம், நீங்க நேத்து வந்திருக்கணும்" என்றேன்.

"நேத்து என்ன?"

"நேத்து இங்க பள்ளம் இருந்துச்சி மேடம். இப்பவும் கீது. இந்தக் கோலத்துக்கு அடியில கீது. இருங்க, எடுத்துக் காட்டறேன்."

ஓடிப்போய் வீட்டிலிருந்து கடப்பாரையைக் கொண்டுவந்து தாமரைப்பூக் கோலத்தின் நடுவில் ஓங்கினேன். கூட்டத்திலிருந்து உங்கள் தங்கச்சி குரல் வந்தது.

"யோவ்! கோலத்து மேல கை வெச்சே, உனக்கு சோறு கெடையாது சொல்லிட்டேன்! விடியக்காலைல எழுந்து புள்ளி வெச்சிக்கீறேன், கெழவனுக்குத் தோண்டறதுக்கு வேற எடம் கெடைக்கலியா?"

"பள்ளம் இங்கதான்டி கீது!"

"பக்கத்துல தோண்டு!"

"பக்கத்துல பள்ளம் இல்லடி, பள்ளத்துலதான்டி பள்ளம்!"

அதற்குள் மேடம் பந்தலுக்குப் போய் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். சிரித்த சிரிப்பில் இளநீர் மூக்கில் ஏறிவிட்டது. அவர் இருமிய இருமலில் கீழே இருந்த பலகை ஒரு ஆட்டம் ஆடியது. நானும் ராஜாராமும் பாய்ந்து ஆளுக்கொரு மூலையில் பலகையை மிதித்துக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி நின்றோம்.

மூச்சு வந்ததும் மேடம் சொன்னார்: "இதோ பாருங்க, நான் கண்ணால பார்த்ததைத்தான் எழுத முடியும். இன்னைக்கு நான் பார்த்தது நல்ல ரோடு. அதனால இன்னைக்கு ஒண்ணும் எழுதலை. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மறுபடி வரேன். பைப் வர்றதுக்கு முன்னாடி இந்த ரோடு எப்படி இருந்துச்சுன்னு காட்ட ஒரு போட்டோ இருந்தா எடுத்து வைங்க, ரொம்பப் பழசா இருந்தாலும் பரவாயில்லை. ஆனா நான் வரேன்னு யாரும் எதையும் செய்யாதீங்க. முக்கியமா நீங்க." விரல் என் பக்கம் நீண்டது.

போட்டோ தேட ஆரம்பித்தோம். அப்போதுதான் ஒரு விஷயம் தெரிந்தது மச்சான். எங்கள் ஊரில் இத்தனை வருஷமாக ஒருத்தர்கூட ரோட்டைப் போட்டோ எடுக்கவில்லை. காதுகுத்து இருக்கிறது, மஞ்சள் நீராட்டு இருக்கிறது, செத்துப்போன மாட்டுக்குக்கூட மாலை போட்ட போட்டோ இருக்கிறது. ரோட்டில் நின்று எடுத்த படங்களில் எல்லாம் ரோட்டை மறைத்துக்கொண்டு யாராவது ஒருத்தர் பல்லைக் காட்டுகிறார். ராஜாராம் போனில் ஒரு அருமையான ரோடு இருந்தது. இரண்டு பக்கமும் பூச்செடி, பின்னால் பனிமலை, மேலே 'இனிய காலை வணக்கம்'. "இத்த காட்டலாமாண்ணா?" என்று கேட்டான். "காட்டு, அந்த மலை எங்கேன்னு கேட்டா கழுக்குன்றம்னு சொல்லு" என்றேன். பாவம், கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தான்.

போட்டோ கிடைக்கவில்லை, ஆனால் தேடப்போன வீட்டில் எல்லாம் பேச்சு கிடைத்தது. எல்லாரும் பழைய ரோட்டைப் பற்றியே பேசினார்கள். உங்கள் பஸ் அந்த ரோட்டில் வரும் காலத்தில் ஊருக்கே அதுதான் கடிகாரம். சவுக்குத் தோப்பு முனையில் நீங்கள் ஹாரன் அடித்தால் இங்கே உலை வைப்பார்கள். உப்பங்காற்று ஒரு ஜன்னலில் வந்து அடுத்த ஜன்னலில் போகும். இன்ஜின் பெட்டிமேல் கீரைக் கூடை, மல்லிப்பூ மூட்டை, சில நாள் ஒரு ஆட்டுக்குட்டி. ஆட்டுக்குட்டிக்கு டிக்கெட் கிடையாது, சத்தம் போட்டால் உண்டு என்று நீங்கள் சட்டம் போட்டீர்கள். யாராவது பின்னல் போட்டு முடிக்கவில்லை என்றால் கதவோரம் நின்று, "அண்ணாத்த, ஒரே நிமிசம்!" என்று கத்துவார்கள். நீங்கள் வண்டியை உறும விட்டுக்கொண்டே நிற்பீர்கள், கிளம்புகிற மாதிரி காட்டுவீர்கள், கிளம்ப மாட்டீர்கள். செங்கல்பட்டில் படம் பார்த்துவிட்டு வந்தால், கதை முழுக்கக் கடைசி சீட்டில் இன்னொரு தடவை ஓடும். ரோடு எப்படி இருந்தது! தொடை மேல் தண்ணீர்ச் சொம்பை வைத்துக்கொண்டு வரலாம், ஒரு சொட்டு சிந்தாது. கண்ணாடி என்றால் கண்ணாடி. ராஜாராம் இதைச் சொல்லும்போது அவன் கண்ணில் தண்ணீர், என் துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

என்னை நீங்கள் மாப்பிள்ளையாகப் பிடித்ததும் அந்த பஸ்ஸில்தானே? உங்கள் தலைக்கு மேலே இருக்கிற கண்ணாடியில், கடைசிப் படியில் தொங்கிக்கொண்டு வருகிற பயல் ஒருத்தன் வயதானவர்களுக்கு இடம் பிடித்துக் கொடுக்கிறான், பொம்பளைங்களைப் பார்த்தால் தலையைக் குனிகிறான் என்று பார்த்துப் பார்த்து முடிவு செய்தீர்கள். குனிந்தது வெட்கத்தால் இல்லை, படிக்கு மேலே இருக்கிற கம்பியில் தலை இடிக்கும் என்பதால். அதை நான் இதுவரைக்கும் உங்களிடம் சொல்லவில்லை, இப்போதும் சொன்னதாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

அதனால்தான் அந்த போட்டோ ஞாபகம் வந்தது. எங்கள் கல்யாணத்தன்றைக்கு எடுத்தது. திருக்கழுக்குன்றம் கோயிலில் தாலி கட்டி முடித்ததும், பேசி வைத்த வேன் வராமல், நீங்கள் உங்கள் பஸ்ஸிலேயே எல்லாரையும் ஏற்றினீர்கள். காக்கிச் சட்டை, நெற்றியில் சந்தனம், பெண்ணுக்கு அண்ணன், டியூட்டியிலும் இருக்கிறீர்கள். மாலையும் கழுத்துமாக இருந்த எனக்குக் கண்டக்டர் டிக்கெட் கிழித்தார். "மாப்ள, முகூர்த்தம் வேற, டிக்கெட் வேற" என்றீர்கள். ஊருக்குள் நுழைகிற இடத்தில் எல்லாரும் இறங்கி பஸ்ஸைச் சுற்றி நிற்க, போட்டோக்காரர் ஒரே ஒரு படம் எடுத்தார். அந்தப் படத்தில் நீங்கள் ஸ்டியரிங்கில், நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கதாநாயகன் மாதிரி பின்னால், ஆம்பளைங்க எல்லாரும் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு வரிசையாக. பஸ்கூட மணப்பெண் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து வெட்கப்பட்டு நிற்கும். அப்புறம் அதைக் கண்ணாடி போட்டு நீங்கள் எடுத்துக்கொண்டு போனீர்கள். இப்போது உங்கள் ஹாலில் தொங்குகிறது. அந்தப் படத்தில் ரோடு இருக்கிறது மச்சான்! ஊரிலேயே ரோடு இருக்கிற ஒரே போட்டோ அதுதான்.

போனில் படம் எடுத்து அனுப்பினால் போதாதா என்பீர்கள். போன தடவை கேட்டபோது அனுப்பினீர்கள். கண்ணாடியில் உங்கள் டியூப்லைட்டும் உங்கள் தொப்பையும்தான் தெரிந்தன. ரோடு தொப்பைக்குப் பின்னால் போய்விட்டது. ஆகையால் போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றி, துணியில் சுற்றி, நீங்களே நேரில் கொண்டுவந்துவிடுங்கள். அடுத்த வாரம் வியாழக்கிழமையே வந்தால் நல்லது. வெள்ளிக்கிழமை மேடம் முன்னால் நீங்களே நின்று, இந்த ரோட்டில் இத்தனை வருஷம் ஓட்டியவன் நான்தான், கண்ணாடி மாதிரி இருந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நிதி வந்துவிடும். நிதி வந்தால் ரோடு, ரோடு வந்தால் பஸ், பஸ் வந்தால் உங்கள் தங்கச்சி முட்டி பிழைக்கும், அவள் முட்டி பிழைத்தால் என் காது பிழைக்கும்.

இந்தத் தடவை யாரும் ஒரு புல்லைக்கூடப் பிடுங்கக் கூடாது என்று ஜாக்குலின் மைக் வைத்துச் சொல்லிவிட்டது. என் டிராக்டர் சாவியையும் வாங்கி வைத்துக்கொண்டது. உங்கள் தங்கச்சி மட்டும், "வர்றவங்க முன்னாடி வாசல் வெறிச்சின்னு கெடந்தா நல்லாவா கீது? சின்னதா ஒரு நாலு புள்ளி?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டுக் குழந்தைகள் எங்கள் ஊர் வழியாக வந்த தண்ணீரைக் குடித்து எங்கள் ஊர்க்காரர்கள் மாதிரியே வாய் பேசி வளரட்டும். கழுக்குன்றத்து வேதகிரீஸ்வரர் உங்களுக்கு நீண்ட ஆயுளும், உங்கள் லிஃப்டுக்கு அடிக்கடி ரிப்பேரும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை, டிக்கெட் எடுத்து வந்த மணமகன்,
ஆனந்தன்.

பின்குறிப்பு: புதன்கிழமை காலை. கடிதத்தை மடிப்பதற்கு முன்னால் உங்கள் தங்கச்சி படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன். கண்ணாடி மாதிரி ரோடு என்ற இடம் வந்ததும் கீரைக் கட்டைக் கீழே போட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"யோவ், அன்னிக்கி நாம இன்னாத்துக்குப் பஸ்ஸ வுட்டு எறங்கினோம்?"

"போட்டோ புடிக்க."

"போட்டோ புடிக்கவா! பஸ்ஸு பள்ளத்துல மாட்டிகிச்சிய்யா! அண்ணாத்த 'தள்ளுங்கடா'ன்னு கத்திகினு கீது, நீ மாலையோட தள்ளிகினு கீறே, என் கூரப்பொடவை பூரா சேறு. அல்லாரும் ஒரே எடத்துல கெடைச்சாங்கன்னு போட்டோக்காரன் எடுத்துட்டான். பஸ்ஸு எதுக்கு சாஞ்சி நிக்கிதுன்னு நெனச்சே, வெக்கத்துலயா?"

மச்சான், வேட்டி மடித்துக் கட்டியிருந்தது அதற்குத்தானா! நேராக ராஜாராமிடம் ஓடினேன். "சொம்புத் தண்ணி சிந்தாதுன்னு சொன்னியே, நீ எப்பவாச்சும் சொம்பு எடுத்துகினு போயிருக்கியா?" என்று கேட்டேன். டீயை ஆற்றிக்கொண்டே, "ரோடு எப்பண்ணா நல்லா இருந்துச்சி? பஸ்ஸுதான் நல்லா இருந்துச்சி" என்கிறான். ஊர் முழுக்கக் கேட்டுவிட்டேன். எல்லாரும் அதையேதான் சொல்கிறார்கள். பள்ளம் அப்போதும் இருந்தது. ஒரே வித்தியாசம், அது எங்கள் சொந்தப் பள்ளம், இது உங்கள் தண்ணீருக்காக வந்த பள்ளம். மேடத்திடம் இதை இப்படியே சொல்லிவிடலாம், அவருக்கு நிஜத்தைச் சொன்னால் பிடிக்கும் என்கிறது ஜாக்குலின். பெய்த மழையில் நான் அடித்த கிராவல் எல்லாம் கரைந்து, பள்ளமும் தானாகவே ஆய்வுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது. பந்தல் போட்ட குழியில் ஜமுக்காளம் மிதக்கிறது.

ஆகவே மேலே எழுதியதை எல்லாம் அடித்ததாக வைத்துக்கொண்டு, போட்டோவைக் கழற்ற வேண்டாம். ஆணியிலேயே தொங்கட்டும். நீங்கள் மட்டும் வாருங்கள். காக்கிச் சட்டையில் பித்தான் போடுகிற அளவுக்கு இடமிருந்தால் அதையே போட்டுக்கொண்டு வாருங்கள். அடுத்த வாரம் வியாழக்கிழமை கூட்ரோட்டில் இறங்கினால் உங்கள் தங்கச்சி சந்தையிலிருந்து கூடையோடு வந்து நிற்பாள். அவளோடு ஊருக்குள் ஒரு தடவை நடந்து வாருங்கள். வெள்ளிக்கிழமை மேடம் பார்க்க வேண்டியதைப் பார்த்து எழுதிக்கொண்டு போகட்டும். நிதி வந்து ரோடு போட நாளாகும். அதுவரைக்கும் அவள் முட்டி தாங்காது. மறுநாள் நாம் எல்லாரும் டிப்போவுக்குப் போவோம். இந்த ரோட்டில் பஸ் வராது என்கிறார்களே, பள்ளத்திலேயே இத்தனை வருஷம் ஓட்டியவர் நீங்கள், வருமா வராதா என்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.

தள்ளுவதற்கு ஆள் இருக்கிறது மச்சான். வேட்டியை மடித்துக் கட்டிவிட்டேன்.